அனுப்பிய பாக்கெட்டுக்காக யார் காத்திருக்கிறார்கள்? மெய்நிகர் நெட்வொர்க் டிரைவரில் இன்டரப்டைக் குறைக்கும் வழி

மெய்நிகர் கணினிக்கான நெட்வொர்க் டிரைவரை யாராவது பார்த்துச் சொல்லக் கேட்டால், நான் முதலில் திறப்பது பாக்கெட் வாங்கும் பகுதியை அல்ல. அனுப்பி முடித்த பிறகு என்ன நடக்கிறது என்ற பகுதியைத்தான். பாக்கெட் எப்போது வரும் என்று கெஸ்டுக்கு, அதாவது மெய்நிகர் கணினிக்கு, தெரியாது. அதனால் வாங்கும் பக்கத்துக்கு இன்டரப்ட் வேண்டும், அதாவது சிபியுவின் வேலையை இடைநிறுத்திச் சொல்லும் அறிவிப்பு. அனுப்பும் பக்கத்து இன்டரப்ட் கொண்டுவரும் செய்தி வேறு: "நீ கொடுத்த பஃபரைப் படித்துவிட்டேன், எடுத்துக்கொள்." பெரும்பாலான நேரம் இதைக் கேட்டதும் உடனே செய்யவேண்டிய வேலை எதுவும் கெஸ்டிடம் இருக்காது.

இருந்தும் பல டிரைவர்கள் பாக்கெட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இதை வாங்கிக்கொண்டிருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் கெஸ்ட் சிபியுவுக்கு ஹோஸ்ட், அதாவது கெஸ்டைச் சுமக்கும் நிஜக் கணினி, ஓர் இன்டரப்டைக் கொடுக்க வேண்டுமென்றால், பழைய வன்பொருளில் அந்தச் சிபியுவை கெஸ்டிலிருந்து வெளியே எடுத்து, இன்டரப்டைச் செருகி, மறுபடி உள்ளே அனுப்ப வேண்டும். கெஸ்ட் அதைக் கையாண்டுவிட்டதாகச் சொல்லும்போது இன்னொரு வெளியேற்றம். இன்டரப்டை நேராக கெஸ்டுக்கே கொடுக்கும் வன்பொருள் வசதிகளான இன்டெலின் போஸ்டட் இன்டரப்டும் ஏஎம்டியின் ஏவிஐசியும் வந்த பிறகு இந்த வெளியேற்றங்கள் பெரும்பாலும் தவிர்க்கப்படுகின்றன. ஆனாலும் கெஸ்டுக்குள் இன்டரப்டைக் கையாளும் ஹேண்ட்லர் ஓடும் செலவு, கேஷ் கலையும் செலவு, தூங்கும் சிபியுவை எழுப்பும் செலவு எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன.

இங்கே லினக்ஸின் விர்ட்ஐஓ நெட் டிரைவரை வைத்துச் சொல்கிறேன். விர்ட்ஐஓ என்பது மெய்நிகர் சாதனங்கள் வழியாக கெஸ்டும் ஹோஸ்டும் பேசிக்கொள்ளும் பொது முறை. ரஸ்டி ரஸ்ஸல் தொடங்கிய விர்ட்ஐஓ, 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கெர்னலில் சேர்ந்தது. இந்தச் சிக்கலுக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடை கொடுத்துப் பார்த்த டிரைவர் அது என்பதால், படித்துப் பழக அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. நீங்கள் உங்கள் நிறுவனத்தின் சொந்தச் சாதனத்துக்கு டிரைவர் எழுதினாலும் கேள்விகள் இவையேதான்.

முதலில் எண்ணுங்கள்

கெஸ்டுக்குள் ப்ராக் அடைவில் இருக்கும் இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்தால், ஒவ்வொரு கியூவுக்கும், அதாவது பாக்கெட் வரிசைக்கும், ஒரு வரி இருக்கும். "விர்ட்ஐஓ0" என்று தொடங்கி "அவுட்புட்.0" என்று முடிவது அனுப்பும் பக்கம்; "இன்புட்.0" என்று முடிவது வாங்கும் பக்கம். இப்படித் தனித்தனி வரி இல்லாமல் "விர்ட்கியூஸ்" என்று ஒரே வரி இருந்தால், எம்எஸ்ஐ எக்ஸ் வெக்டர்கள், அதாவது சாதனத்துக்குக் கிடைக்கும் தனித்தனி இன்டரப்ட் எண்கள், போதாமல் எல்லாக் கியூக்களும் ஒன்றையே பகிர்கின்றன என்று பொருள். அதை முதலில் சரிசெய்யுங்கள். எந்த இன்டரப்ட் எதற்காக வந்தது என்று பிரிக்க முடியாமல் எதையும் அளக்க முடியாது.

சோதனைக்கு முன்னும் பின்னும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் அனுப்பிய பாக்கெட் எண்ணிக்கையையும் குறியுங்கள். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஓர் இன்டரப்டுக்கு எத்தனை பாக்கெட் என்று கிடைக்கும். நான் நெட்பெர்ஃப் என்ற நெட்வொர்க் அளவீட்டுக் கருவியில் சிறிய யுடிபி பாக்கெட்டுகளை வைத்துத்தான் இதைத் தொடங்குவேன். டிசிபியில் செக்மென்ட் பிரிக்கும் வேலையைச் சாதனத்திடம் விட்டிருந்தால் ஒரே எஸ்கேபி, அதாவது லினக்ஸ் ஒரு பாக்கெட்டை வைத்திருக்கும் அமைப்பு, 64 கிலோபைட் வரை சுமந்து போகும். எண்கள் நன்றாகத் தெரியும், டிரைவரின் குறை தெரியாது.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். கெஸ்ட் ஹோஸ்டைத் தட்டுவது ஒன்று, ஹோஸ்ட் கெஸ்டைத் தட்டுவது வேறொன்று. முதலாவதை எங்கள் பக்கம் "கிக்" என்போம். பல பாக்கெட்டுகளைச் சேர்த்து ஒரே கிக் கொடுக்க, "இன்னும் பாக்கெட் வருகிறது" என்று கெர்னலின் நெட்வொர்க் மேலடுக்கு டிரைவருக்குக் குறிப்புக் கொடுக்கும் வசதி 2014இல் வந்த 3.18 கெர்னலிலிருந்தே இருக்கிறது. அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் அது குறைப்பது கிக்கை. இன்டரப்டைக் குறைத்துவிட்டேன் என்று சொல்லி, கடைசியில் கிக் மட்டும் குறைந்திருந்த பேட்ச்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹோஸ்டில் பெர்ஃப் கருவியில், கெஸ்டை ஓடவைக்கும் கேவிஎம் வசதியின் புள்ளிவிவரத்தை ஓடவிட்டால் எந்தக் காரணத்துக்காக எத்தனை வெளியேற்றம் என்று பிரித்துக் காட்டும்.

காத்திருப்பவர்கள்

இனிதான் முக்கியமான கேள்வி. இந்த பாக்கெட் போய்ச் சேர்ந்த செய்திக்காக கெஸ்டில் யார் காத்திருக்கிறார்கள்? ஒருவரும் இல்லையென்றால் இன்டரப்ட் வேண்டாம். இருந்தால், அவரை எழுப்ப வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு வழியே இல்லாதபோதுதான் இன்டரப்ட்.

காத்திருப்பவர்களில் எளிதாகக் கண்ணில் படுவது நிறுத்தப்பட்ட கியூ. ரிங், அதாவது கெஸ்டும் ஹோஸ்டும் பகிரும் பஃபர் பட்டியல், நிறைந்துவிட்டது, மேலடுக்கிடம் "இனி கொடுக்காதே" என்று சொல்லிவிட்டோம். யாராவது இடம் காலியானதைச் சொல்லவில்லையென்றால் அது நின்றபடியே நிற்கும்.

எளிதில் கண்ணில் படாதவர் சாக்கெட், ஒரு நிரல் நெட்வொர்க்கில் பேசத் திறக்கும் இணைப்பு முனை. ஒவ்வொரு பாக்கெட்டின் அளவும் அதை அனுப்பிய சாக்கெட்டின் கணக்கில் ஏறியிருக்கும். பாக்கெட் விடுவிக்கப்படும்போதுதான் அது கழியும். அனுப்பும் பஃபர் சிறியதாக வைத்த ஒரு நிரல் நாலைந்து பாக்கெட் அனுப்பிவிட்டு, கணக்கு கழிய வேண்டுமே என்று தூங்கிவிடும். ரிங்கில் இடம் ஏராளமாக இருக்கும், கியூவும் நிற்கவில்லை. ஆனாலும் அந்த நிரல் முடங்கிக் கிடக்கும். ஜென் என்ற இன்னொரு மெய்நிகராக்க அமைப்பின் நெட்ஃபிரன்ட் டிரைவரில் இதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதிவைத்திருந்தார்கள்: எவ்வளவு குறைவான பஃபர் நிலுவையில் இருந்தாலும் ஓர் அறிவிப்பைக் கேட்டு வைத்தே ஆகவேண்டும், மேலடுக்கை நகர்த்த வேறு எதுவுமே வராமல் போகலாம் என்று. டிரைவர் எழுதுகிறவர்கள் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய குறிப்பு அது.

இவர்களோடு 2012இல் இருவர் சேர்ந்தார்கள். டாம் ஹெர்பர்ட்டின் பைட் கியூ லிமிட்ஸ் 3.3 கெர்னலில் வந்தது. எரிக் டுமாசெட்டின் டிசிபி ஸ்மால் கியூஸ் 3.6இல் வந்தது. கீழே தேவையில்லாமல் பாக்கெட் குவியாமல் பார்த்துக்கொள்வதுதான் இரண்டின் வேலையும். எத்தனை பைட் போய் முடிந்தது என்று டிரைவர் காலாகாலத்தில் சொன்னால்தான் இவை வேலை செய்யும்.

சோம்பலாகத் திரும்பப் பெறுவது

விர்ட்ஐஓவின் பழைய விடை இது: எல்லோரையும் காத்திருப்பிலிருந்து விடுவித்துவிடு. பாக்கெட்டை ரிங்கில் வைத்ததுமே சாக்கெட்டோடு இருக்கும் தொடர்பை வெட்டிவிடுவார்கள். இணைப்புகளைக் கண்காணிக்கும் கனெக்ஷன் டிராக்கிங் மாட்யூலின் தொடர்பையும் வெட்டிவிடுவார்கள், இல்லையென்றால் அந்த மாட்யூலைக் கழற்றும்போது அது இந்தப் பாக்கெட்டுக்காகக் காத்து நிற்கும். பிறகு இன்டரப்டை அணைத்துவிடலாம். முடிந்த பஃபர்களை அடுத்த பாக்கெட் அனுப்ப வரும்போது எடுத்துக்கொள்வார்கள். தண்ணீர் கேன் போடுகிறவர் காலி கேனுக்கென்று தனியாக ஒரு நடை வருவதில்லை, புதுக் கேன் இறக்கும்போது பழையதை எடுத்துக்கொண்டு போகிறாரே, அந்த ஏற்பாடு.

அனுப்பும் ஃபங்ஷனின் வரிசை இப்படி அமையும்: முதலில் அறிவிப்பை அணைத்துவிட்டு முடிந்தவற்றை விடுவியுங்கள். பிறகு புதிய பாக்கெட்டை ரிங்கில் சேருங்கள். அப்புறம் மீதி இடத்தைப் பாருங்கள். அடுத்து வரும் பாக்கெட் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இடம் போதுமா? லினக்ஸில் ஒரு எஸ்கேபிக்கு வழக்கமாக 17 துண்டுகள் வரை இருக்கலாம். தலைப்புக்கு ஒன்று, நேர்ப்பகுதிக்கு ஒன்று சேர்த்தால் 19. அதற்குக் குறைவாக இருந்தால் இப்போதே கியூவை நிறுத்துங்கள். அடுத்த பாக்கெட் வந்த பிறகு "பிசி" என்று திருப்பி அனுப்புவது மோசமான வழக்கம். மேலடுக்கு அதை மறுபடி வரிசையில் போட்டு மறுபடி கொண்டுவரும் வேலை வீண்.

கியூவை நிறுத்தியபின் வரும் மூன்று அடிகளில்தான் டிரைவர்கள் உடைகின்றன. அறிவிப்பை இயக்குங்கள். முழு மெமரி பேரியர், அதாவது எழுதுவதையும் படிப்பதையும் சிபியு முன்பின்னாக மாற்றாமல் தடுக்கும் கட்டளை, போடுங்கள். பிறகு ரிங்கை இன்னொரு முறை பாருங்கள். அதற்குள் இடம் கிடைத்திருந்தால் கியூவை நீங்களே தொடங்கிவிட்டு அறிவிப்பை அணையுங்கள்.

இந்த மறுபார்வை ஏன்? இடம் இல்லை என்று நீங்கள் பார்த்ததற்கும் அறிவிப்பை இயக்கியதற்கும் நடுவில், ஹோஸ்ட் எல்லாப் பாக்கெட்டையும் முடித்திருக்கலாம். அது முடித்த நேரத்தில் அறிவிப்பு அணைந்திருந்ததால் இன்டரப்ட் அனுப்பவில்லை. இனி முடிக்க ஒன்றுமில்லை, ஆகவே இனியும் அனுப்பாது. கியூ நின்றுவிட்டதால் நீங்களும் எதையும் கொடுக்கப்போவதில்லை. இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்துக்கொண்டு நிற்க, கெஸ்டுக்குள் பாக்கெட்டுகள் வருவது தெரியும், பதில் ஒன்றும் வெளியே போகாது. இந்த அறிகுறியோடு யாராவது வந்தால் நான் இந்த மூன்று அடிகளைத்தான் தேடுவேன்.

பேரியரைப் பற்றி ஒரு வார்த்தை. "எங்களுக்கு எக்ஸ்86 மட்டும்தான், பேரியர் வேண்டாம்" என்று ஒரு நிறுவனத்தின் டிரைவரில் குறிப்பே எழுதியிருந்தார்கள். எக்ஸ்86 மற்ற வரிசைகளைக் காப்பாற்றும்; ஆனால் ஓரிடத்தில் எழுதிவிட்டு உடனே வேறோரிடத்தில் படித்தால், படிப்பது முன்னால் நடந்துவிட அதுவும் அனுமதிக்கிறது. இங்கே நாம் செய்வது சரியாக அதுதான்: அறிவிப்பு வேண்டும் என்று எழுதுகிறோம், ரிங்கைப் படிக்கிறோம். பேரியரை எடுக்காதீர்கள்.

இப்போது வேண்டாம், இத்தனை முடிந்ததும் சொல்

நிறுத்திய கியூவில் ஒரே ஓர் இடம் காலியானதும் இன்டரப்ட் வந்தால் என்ன பயன்? ஒரு பாக்கெட் அனுப்புவோம், மறுபடி நிறையும், மறுபடி நிறுத்துவோம். முன்பு பாக்கெட்டுக்கு ஓர் இன்டரப்ட் என்று தொடங்கினோமே, அதே இடத்துக்கு வந்துவிடுவோம்.

பழைய விர்ட்ஐஓவில் இருந்தது ஒரு கொடி மட்டும்: இன்டரப்ட் வேண்டும், வேண்டாம். அதுவும் ஆலோசனைதான், வேண்டாம் என்றாலும் ஒன்றிரண்டு வரும், டிரைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஈவென்ட் இன்டெக்ஸ் வசதியை இருதரப்பும் ஒப்புக்கொண்டால், எந்த எண்ணைத் தாண்டும்போது சொல்ல வேண்டும் என்று கெஸ்ட் எழுதிவைக்கலாம். லினக்ஸில் "எனேபிள் சிபி டிலேய்ட்" என்று முடியும் ஃபங்ஷன் இதைத்தான் செய்கிறது: நிலுவையில் இருப்பதில் முக்கால் பங்கு முடிந்ததும் சொல் என்று கேட்கும். 200 பாக்கெட் நிலுவையில் இருந்தால் 150 முடிந்த பிறகு ஓர் இன்டரப்ட்.

ஏன் முழுவதும் முடியும் வரை காத்திருக்கக் கூடாது? ரிங் காலியாகிவிட்டால், கெஸ்ட் விழித்து, கியூவைத் தொடங்கி, அடுத்த பாக்கெட்டைக் கொண்டுவரும் வரை ஹோஸ்ட் சும்மா இருக்கும். மீதிக் கால் பங்கு அந்த இடைவெளியை நிரப்பத்தான். ஜென் பாதியில் கேட்கும் வழக்கம் வைத்திருந்தது. முக்கால்தான் சரி என்று சாஸ்திரம் ஒன்றும் இல்லை. அதை இன்னும் சரிபார்க்க வேண்டும் என்ற குறிப்பு லினக்ஸ் மூலநிரலிலேயே இருக்கிறது. உங்கள் ரிங் சிறியது, ஹோஸ்ட் வேகமானது என்றால் பாதியிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

இந்த எண்கள் 16 பிட். 65,535க்குப் பிறகு 0. ஒப்பிடும்போது "பெரியதா" என்று நேரடியாகக் கேட்காமல், கழித்துவிட்டு வரும் வித்தியாசத்தை 16 பிட்டுக்குள் ஒப்பிடுங்கள். அதேபோல், ஈவென்ட் இன்டெக்ஸ் இருக்கும்போது அணைப்பதற்கென்று தனிக் கொடி கிடையாது. எழுதிய எண் பின்தங்கிவிட்டால் இன்டரப்ட் வராது, அவ்வளவுதான். எண் ஒரு முழுச் சுற்று வரும்போது தேவையில்லாத ஒன்று எட்டிப்பார்க்கும். அதைப் பிழையாக எண்ணவேண்டாம். 2019இல் வந்த விர்ட்ஐஓ 1.1இன் பேக்டு ரிங் என்ற புதிய ரிங் வடிவத்தில் இயக்கு, அணை, குறிப்பிட்ட இடத்தில் சொல் என்று மூன்றும் தனித்தனியாக உண்டு.

நாப்பி வழி

சாக்கெட் தொடர்பை வெட்டும் வழிக்கு ஒரு பெரிய விலை இருக்கிறது. அனுப்புகிறவருக்குக் கீழே நெரிசல் இருப்பதே தெரியாது. கணக்கு உடனே கழிந்துவிடுவதால் ஒரு நிரல் கொட்டிக்கொண்டே இருக்கும், வரிசை நீளும், பக்கத்து நிரலின் சின்னப் பாக்கெட் அதன் பின்னால் சிக்கும். டிசிபி ஸ்மால் கியூஸும் பயனற்றுப் போகிறது. இன்று புதிதாக எழுதுகிறவர்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வில்லெம் டி புரூயின் 2017இல் அனுப்பும் பக்கத்துக்கும் நாப்பியை, அதாவது ஓர் இன்டரப்டுக்குப் பிறகு பல பாக்கெட்டுகளை மொத்தமாகக் கையாளும் லினக்ஸ் முறையை, கொண்டுவந்தார், 4.12 கெர்னலில் சேர்ந்தது. 2019இல் 5.3 கெர்னலில் அதுவே இயல்புநிலை ஆனது. இன்டரப்ட் வந்ததும் அறிவிப்பை அணைத்து, நாப்பியை வேலைக்கு அழைத்து, அது முடிந்தவற்றையெல்லாம் மொத்தமாக விடுவித்து, கடைசியில் அறிவிப்பை இயக்கி, மறுபடி ஒருமுறை ரிங்கைப் பார்க்கும். பேரியர் பாடம் இங்கேயும் அதேதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. வாங்கும் பக்கத்து நாப்பி ஓடும்போது, கையோடு அனுப்பும் ரிங்கையும் சுத்தம் செய்துவிடும். டிசிபியில் அனுப்பினால், கிடைத்தது என்று எதிர்முனை சொல்லும் ஏசிகே எப்படியும் வந்தே தீரும். அதற்கு வந்த இன்டரப்டிலேயே அனுப்பிய பஃபர்களும் விடுவிக்கப்படும். காத்திருப்பவர் எழுந்துவிட்டார், அதற்கென்று தனி இன்டரப்ட் தேவைப்படவில்லை. அனுப்பும் கியூவின் பூட்டைக் கிடைத்தால் மட்டும் எடுங்கள், காத்து நிற்காதீர்கள். பூட்டு வேறொருவர் கையில் இருந்தால், பெரும்பாலும் அவர் அனுப்பிக்கொண்டிருக்கிறார், அவரே சுத்தமும் செய்துகொள்வார்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, அதை விர்ட்ஐஓவே அனுபவித்தது. வாங்கும் பக்கம் முன்கூட்டியே சுத்தம் செய்துவிட்டால், அனுப்பும் இன்டரப்ட் பின்னால் வந்து ரிங்கில் ஒன்றும் இல்லை என்று பார்க்கும். "இது என்னுடையது அல்ல" என்று ஹேண்ட்லர் சொல்லிவிடும். 1,00,000 இன்டரப்டில் 99,900க்கு மேல் இப்படிச் சொல்லப்பட்டால், யாருக்கும் வேண்டாத இன்டரப்ட் என்று கெர்னல் அந்த வரியையே மூடிவிடும். 2021இல் இதற்கான திருத்தங்கள் வந்தன. சுத்தம் செய்வது எந்தப் பக்கமாக இருந்தாலும் அதற்கு முன் அனுப்பும் அறிவிப்பை அணை, முடிந்ததும் தாமத வகையில் இயக்கு என்பது அவற்றின் சாரம். உங்கள் டிரைவரிலும் இரண்டு இடத்திலிருந்து சுத்தம் நடந்தால் இரண்டு இடத்திலும் இதைச் செய்யுங்கள்.

ஓடும் கெஸ்டில் எந்த வழி இருக்கிறது என்று பார்க்க ஈத்டூல் கருவியில், இன்டரப்டுகளைச் சேர்ப்பதற்கான கோலெஸ் அமைப்பில் "டிஎக்ஸ் ஃபிரேம்ஸ்" மதிப்பைப் பாருங்கள்: 0 என்றால் அனுப்பும் நாப்பி அணைந்திருக்கிறது, 1 என்றால் இருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் இடைமுகத்தை இறக்கிவிட்டுத்தான் மாற்ற முடியும்.

நேரம் வைத்துச் சேர்க்கும் வழியும் உண்டு. கெஸ்டுக்கு மெய்நிகர் சாதனங்களைக் கொடுக்கும் ஹோஸ்ட் நிரலான கியூஎமுவில் பாக்கெட்டுகளை 150 மைக்ரோ விநாடி டைமரில் சேர்த்து அனுப்பும் பழைய விருப்பம் இருக்கிறது. இத்தனை பாக்கெட் அல்லது இத்தனை மைக்ரோ விநாடி என்று கெஸ்டே சாதனத்திடம் கேட்கும் வசதி 2022இல் லினக்ஸுக்கு வந்தது. சாதனம் ஒப்புக்கொண்டால் பயன்படுத்துங்கள், ஆனால் மேலே சொன்னதையெல்லாம் முடித்த பிறகு. டைமர் காத்திருப்பவரைப் பார்ப்பதில்லை. ஒருவர் அவசரமாக நின்றாலும் அதன் நேரம் வந்தால்தான் எழுப்பும்.

அனுப்புவதற்கு முன் சோதிப்பவை

பேட்ச் தயாரானதும் நான் முதலில் செய்வது அதிவேகச் சோதனை அல்ல. அனுப்பும் பஃபரை மிகச் சிறியதாக வைத்து ஒரு யுடிபி நிரல் எழுதி, சில பாக்கெட் அனுப்பிவிட்டு நிறுத்துவேன். வேறு எந்தப் போக்குவரத்தும் இருக்கக் கூடாது, எஸ்எஸ்எச்கூட வேறு இடைமுகத்தில் இருக்க வேண்டும். எஸ்எஸ் கருவி காட்டும் அனுப்பு வரிசை 0க்கு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கவில்லையென்றால் ஒரு காத்திருப்பவரை மறந்துவிட்டீர்கள்.

பிறகு பாக்கெட் ஜெனரேட்டர் மாட்யூல். ஒரே எஸ்கேபியைத் திரும்பத் திரும்ப அனுப்பும் முறையில், அது விடுவிக்கப்படும் வரை அந்த மாட்யூல் காத்து நிற்கும். அறிவிப்பே கேட்காத டிரைவரில் அங்கேயே சிக்கிக்கொள்ளும். மறைந்திருக்கும் காத்திருப்பவரைக் கண்டுபிடிக்க இது நல்ல கருவி.

ரிங்கை உங்கள் சாதனம் அனுமதிக்கும் மிகச் சிறிய அளவுக்குக் குறைத்து, பல சிபியுக்களிலிருந்து இரவு முழுவதும் அனுப்ப விடுங்கள். நிறுத்துவதும் தொடங்குவதும் ஓயாமல் நடக்கும்போதுதான் அந்த மூன்று அடிகளின் வரிசை சரியா என்று தெரியும். அதே போக்குவரத்து ஓடும்போது டிரைவரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

கடைசியாக டிசிபி கேள்வி பதில் சோதனையை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓடவிட்டு, பேட்ச் விளக்கத்தில் இரண்டு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்: ஓர் இன்டரப்டுக்கு எத்தனை பாக்கெட், விநாடிக்கு எத்தனை கேள்வி பதில். முதல் எண் ஏறி இரண்டாவது இறங்கியிருந்தால் அந்தப் பேட்ச்சை நான் ஏற்கமாட்டேன்.